கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்க முதலாளி யார்?

காவிரியில் வெள்ளம் ஏறினால் ஒகேனக்கல்லில் பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். பரிசல் ஓடாவிட்டால் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிக்கு வேலை இல்லை; மீன் வறுத்து விற்கும் பெண்ணின் அடுப்பும் அணைந்துவிடும். சுற்றியுள்ள மானாவாரிக் கொல்லைகளோ மழையை நம்பிக் கிடப்பவை. ஆகவே பென்னாகரம் வட்டாரத்து உழைப்பாளிகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுவது புதிதல்ல. ஆலை வாசலில் ஆண் பிள்ளை போய் நின்றால், என்ன வேலை தெரியும் என்று கேட்கிறார்கள். பெண் போய் நின்றால் பல இடங்களில் முதற் கேள்வியே வேறு: "கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை உண்டா?"

இது நமது கற்பனை அல்ல. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர் ஸ்தாபனம் செய்தி வெளியிட்டது. கம்பெனி அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் இலாகா, 1976ம் வருஷத்திய சம ஊதியச் சட்டத்தின் 5வது ஷரத்தைச் சுட்டிக்காட்டி, தமிழ்நாடு சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. கேட்டது சரி. ஆனால் அந்த ஷரத்து சொன்னதென்ன? ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாரபட்சம் கூடாது என்றது. கல்யாணமானவள் என்பதற்காகத் தள்ளக் கூடாது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. "என் ஆலை நிறையப் பெண்கள்தானே இருக்கிறார்கள், பாரபட்சம் எங்கே?" என்று எந்த முதலாளியும் கேட்டுவிட்டுப் போகலாம்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது பழைய கதை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' நடந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இளம் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுத்து, விடுதியில் அடைத்து, பயிற்சியாளர் என்று பெயர் சூட்டி, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, கடைசியில் மொத்தமாகத் தருவதாகச் சொன்ன திட்டம் அது. கல்யாணமாகாதவளுக்கு மட்டும் வேலை; திட்டத்தின் பெயரோ சுமங்கலி! நடுவில் நோயென்று வீடு திரும்பியவர்களில் எத்தனையோ பேர் அந்தத் தொகையைக் கண்ணால் கண்டதில்லை.

முதலாளியின் கணக்கு அன்றும் இன்றும் ஒன்றே. கல்யாணமானவளுக்குப் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு தர வேண்டும். அவளுக்கு வீட்டுப் பொறுப்பு உண்டு. நாலு வருஷம் நிலைத்து நின்றால் சங்கத்திலும் சேர்ந்துவிடுவாள்.

சட்டத்தைப் பலப்படுத்த வேண்டிய நேரத்தில் சர்க்கார் செய்தது என்ன? 1987ல் திருத்தப்பட்ட பழைய சட்டப்படி, பாரபட்சம் காட்டிய முதலாளிக்கு முதற் குற்றத்துக்கே ரூ.10,000க்குக் குறையாத அபராதமோ, மூன்று மாதத்துக்குக் குறையாத சிறையோ, இரண்டுமோ உண்டு. மறுபடி செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை. அப்படி ஜெயிலுக்குப் போன முதலாளியை நாம் கண்டதில்லை என்பது வேறு விஷயம். ஏட்டிலாவது அது இருந்தது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அந்த ஏட்டையும் கிழித்துவிட்டது. ஆளெடுப்பில் பாரபட்சம் காட்டினால், முதல் தடவை இனி வெறும் அபராதம்தான், அதுவும் ரூ.20,000க்கு மேல் இல்லை. வழக்குப் போடுமுன் முதலாளிக்கு அவகாசம் வேறு தர வேண்டுமாம்! இன்ஸ்பெக்டரின் பெயரோடு 'வசதி செய்து தருபவர்' என்ற பட்டமும் சேர்ந்திருக்கிறது. யாருக்கு வசதி என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். கூலியைக் குறைத்துக் கொடுத்தார் என்று மனுப் போட்டால், முழுதும் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பை இதே தொகுப்பின் 59வது ஷரத்து முதலாளியின் தலையில் வைக்கிறது. நல்லது. வேலையே கொடுக்காமல் விரட்டினால்? முதலாளியின் மனத்துக்குள் இருந்த காரணத்தை, விரட்டப்பட்டவள்தான் நிரூபிக்க வேண்டும். வாசலுக்கு வெளியே நிற்பவளிடம் என்ன ரிகார்டு இருக்கும்? விண்ணப்பங்களும், பெயர்ப் பட்டியலும், ஏஜெண்டுக்குப் போன உத்தரவும் ஆபீஸ் பீரோவுக்குள் அல்லவா இருக்கின்றன!

பொறுப்பை மாற்றுவது இந்த நாட்டுக்குப் புதுமை அல்ல. தீண்டாமையைக் காட்டி ஒருவருக்கு வேலை மறுப்பதை, 1955ம் வருஷத்திய குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. தாழ்த்தப்பட்டவர் விஷயத்தில் அக்குற்றம் நடந்தால், தீண்டாமையே காரணம் என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளும் என்கிறது அதன் 12வது ஷரத்து. அல்ல என்று காட்டுவது எதிரியின் வேலை. இந்த முறையை ஆளெடுப்பு முழுவதுக்கும் கொண்டுவரத் தடை என்ன?

விவசாயத் தொழிலாளிப் பெண்களின் நிலை இன்னும் மோசம். ஒரே கடலைக் கொல்லையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் குறைத்து ஒரு கூலி. கேட்டால் அவன் செய்வது வேறு வேலை என்பார்கள். நாள் பூராவும் குனிந்து களை எடுப்பது லேசான வேலையாம். சொல்லுகிறவர் ஒரு பொழுது குனிந்து பார்க்கட்டும். சட்டம் 'ஒரே மாதிரியான வேலை' என்று மட்டும் சொல்வதால், வேலைக்கு வேறு பெயர் வைத்துத் தப்பிவிடுகிறார்கள். 'சம மதிப்புள்ள வேலைக்குச் சம கூலி' என்கிற 100வது சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1958லேயே ஏற்றது. மதம், அரசியல் கருத்து, சமூகப் பிறப்பு ஆகியவற்றின் பெயரால் வேலையில் பாரபட்சம் கூடாது என்கிற 111வது உடன்படிக்கையையும் 1960ல் ஏற்றது. ஊதியத் தொகுப்பிலோ ஆண் பெண் பேதம் மட்டும்தான் இருக்கிறது.

ஜாதி, மதம், கல்யாணம், கர்ப்பம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். ஏஜெண்டையும் கான்ட்ராக்டரையும் காட்டி முதலாளி ஒதுங்க விடக் கூடாது. விரட்டப்பட்டவளுக்கு நஷ்ட ஈடும், வேலையும் கிடைக்க வழி வேண்டும். புகார் கொடுத்தவளைப் பழிவாங்கினால் தனித் தண்டனை வேண்டும்.

தோழர்களே! சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆள் சேர்க்க ஏஜெண்டு கொடுக்கும் நோட்டீசில் 'கல்யாணமாகாத பெண்கள் மட்டும்' என்று இருந்தால், அதைத் தூக்கி எறியாதீர்கள். செல்போனில் வந்தால் அழிக்காதீர்கள். எந்த ஆலை வாசலில், எந்தத் தேதியில், யார் என்ன கேட்டார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்; கூட வந்தவர்களின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைச் சங்க ஆபீசில் கொண்டுவந்து கொடுங்கள்.