நார்ட்டனின் கைப்பக்குவம் எக்ஸ்எல்லுக்கும் வரட்டும்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் எதிர்ப்படும் வண்டிகளில் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்குத் தனி இடம் உண்டு. கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் ஓட்டுபவர். கல்வராயன் மலையில் ஏறும்போது இன்ஜின் திணறினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் திணறினால் உயிருக்கே ஆபத்து.

அந்த வண்டியைச் செய்யும் டிவிஎஸ் மோட்டார்தான் 2020 ஏப்ரலில் பிரிட்டனின் மோட்டார் சைக்கிள் கம்பெனியான நார்ட்டனை வாங்கியது. விலை 1.6 கோடி பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் 153 கோடி ரூபாய். 1898-இல் ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி அது. 1907-இல் மான் தீவின் முதல் டிடி பந்தயத்தில், இரட்டை சிலிண்டர் பிரிவில் ரெம் ஃபவுலர் வென்றது நார்ட்டன் வண்டியில்தான். இன்ஜின் மட்டும் பிரான்ஸின் பியூஜோ.

ஆனால் நார்ட்டனின் அசல் பெருமை இன்ஜினில் இல்லை. இத்தாலியின் கிலேரா நான்கு சிலிண்டரோடு சீறிய காலத்தில் நார்ட்டனிடம் இருந்தது பழைய ஒற்றை சிலிண்டர். பெல்ஃபாஸ்டின் மெக்காண்ட்லெஸ் சகோதரர்கள் அதற்குப் புதிய சட்டகம் செய்து கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹரால்ட் டேனியல், மெத்தைமேல் போவதுபோல் இருக்கிறது என்றார். 1951-இல் 350 சிசி, 500 சிசி இரண்டிலும் ஜெஃப் டியூக் உலகப் பட்டம் வென்றார். வளைவில் வண்டி சொன்னபடி கேட்டதுதான் காரணம்.

பின்னாளில் கம்பெனி பல கை மாறி, 2020 ஜனவரியில் திவாலானது. டிவிஎஸ் வந்த பிறகு, பழைய நிர்வாகம் விற்ற வி4 வண்டிகளில் பாதுகாப்புக் குறைகள் தெரியவந்தன. ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களை எச்சரித்து, அந்த வண்டியைத் திருத்தி வடிவமைத்தார்கள். பாராட்ட வேண்டிய நேர்மை.

அதே அக்கறை எக்ஸ்எல்லுக்கும் வேண்டும். ஒரு லீவரைப் பிடித்தால் இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது, நல்லது. ஆனாலும் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் மூடிய டிரம்முக்குள் சூடு தேங்கும், பிடிப்பு குறையும். டிஸ்க்கில் சூடு காற்றோடு போய்விடும். விலை கூடும் என்பது உண்மை. எக்ஸ்எல் வாங்குபவர் ஆயிரம் ரூபாய்க்கும் கணக்குப் பார்ப்பவர். எனவே எல்லா வண்டிக்கும் கேட்கவில்லை. முன்சக்கர டிஸ்க்கோடு, சுமைக்கேற்ற சட்டகத்தோடு, மலைப்பகுதிக்கென ஒரு எக்ஸ்எல்லை டிவிஎஸ் விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும்.