வீட்டை விற்றுச் சக்கரம் வாங்குதல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நம் நண்பர் ஒருவர் கக்கத்தில் ஒரு காகிதக் கட்டை இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவரும் நம்மைப் போலவே பள்ளிக்கூட உபாத்தியாயர்தான். ஆனால் நம்மைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இன்னும் சில மாதங்களில் 60 வயது நிறைந்து உத்தியோகத்திலிருந்து விடுதலை பெறப் போகிறவர். 2003-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதிக்கு முன்பே வேலைக்கு வந்துவிட்ட பாக்கியசாலியாகையால் பழைய முறைப்படி ஓய்வூதியமும் உண்டு. அந்தத் தேதிக்குப் பின் வந்த நம் போன்றவர்களுக்குச் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து பிடித்தம் உண்டு. அது கிடக்கட்டும், இன்று பேச வந்தது அவருடைய விஷயம்.

"தம்பி, கம்பத்து வீட்டை விற்றுவிடப் போகிறேன்" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய தகப்பனார் கட்டிய வீடு அது. முன்கட்டு, பின்கட்டு, நடுவில் ஒரு முற்றம். பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில். மனைவி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. இரவில் கதவைத் தாழிடும்போது அந்த ஓசை வீடு முழுவதும் கேட்கிறது என்று முன்பு ஒரு தடவை நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

வீட்டை விற்ற பணத்தில் ஒரு மோட்டார் வண்டி வாங்கி, அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு, ஸ்நான அறை எல்லாம் அமைத்துக்கொண்டு தேசம் முழுவதும் சுற்றுவது. உடம்பு தளர்ந்ததும் தாய்லாந்திலோ மலேயாவிலோ மலிவாக ஒரு ஜாகை பார்த்துக் குடியேறிவிடுவது. இதுதான் அவருடைய திட்டம். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கிழவர்களும் கிழவிகளும் இப்படித்தான் வாழ்கிறார்கள் என்று பிள்ளை படங்கள் அனுப்பியிருந்தான். பின்னணியில் பனிமலை, முன்னால் மடக்கு நாற்காலியில் தேநீர்க் கிண்ணத்தோடு ஒரு தாத்தா.

படத்தில் இருப்பது உண்மைதான். படத்தில் இல்லாததும் உண்மை. 2008-ஆம் வருஷத்துப் பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் பலர் அந்நாட்டில் வண்டியில் ஏறியது மலையைப் பார்ப்பதற்காக அல்ல. வாடகை கொடுக்க வழியில்லாமல். ஜெஸிகா புரூடர் என்னும் பத்திரிகைக்காரர் அவர்களோடு பழகி 2017-இல் ஒரு புத்தகம் எழுதினார். 'நோமட்லாண்ட்' என்ற பெயரில் அது படமாக வந்து, 2021-இல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. அறுபதும் எழுபதும் கடந்தவர்கள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி, சர்க்கரைக் கிழங்கு அறுவடையிலும், சாமான் கிடங்குகளிலும் இரவு பகலாக நின்று வேலை செய்கிறார்கள். அமேஸான் கம்பெனி இத்தகையவர்களைச் சேர்ப்பதற்கென்றே ஒரு தனித் திட்டம் சில வருஷங்கள் நடத்திவந்தது. பனிமலை அங்கேயும் இருக்கிறது. பார்க்கத்தான் அவகாசம் இல்லை.

வெளிநாட்டு மலிவைப் பற்றியும் நண்பரிடம் சொன்னோம். தாய்லாந்தில் 50 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஓய்வுக்கால அனுமதி உண்டு. ஆனால் அந்த ஊர் பாங்கியில் 8 லட்சம் பாட் வைத்துக் காட்ட வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். 8 லட்சம் பாட் என்றால் நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு முன்பின் வரும். மலேயாக்காரர்கள் 2002 முதல் அந்நியரை 'என் இரண்டாவது வீடு' என்று சொல்லி உபசரித்து அழைத்தார்கள். 2021-இல் ஒரு நாள், இனி வருகிறவருக்கு மாத வருமானம் 40,000 ரிங்கிட் இருக்கவேண்டும் என்றார்கள். அதற்கு முன் 10,000 போதும். பிற்பாடு மறுபடியும் விதியை மாற்றினார்கள். விருந்தாளியாகப் போனவர் வீட்டுக்காரரின் மனநிலையைப் பார்த்துத்தானே சாப்பிட வேண்டியிருக்கிறது!

மேல் நாட்டார் நிலைமையும் இதுவே. பிரிட்டிஷ் சர்க்காரின் முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர் நம் தேசத்தில் வந்து குடியேறினால், வந்த நாளில் என்ன தொகையோ அதுவேதான் சாகும்வரை. அங்கே இருப்பவர்களுக்கு வருஷந்தோறும் கிடைக்கும் உயர்வு இவருக்கு இல்லை. அமெரிக்க முதியவர்களுக்குரிய சர்க்கார் வைத்திய இன்ஷூரன்ஸ் பொதுவாக அவர்கள் தேசத்து எல்லையைத் தாண்டுவதில்லை. நம் நண்பருக்கு ஒரு கண்ணில் புரை. தேனியில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. கம்பத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் போதும். பாங்காக்கில் எந்தப் பஸ் ஏறுவார்?

மலிவு என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். ஓர் ஊரில் சாப்பாடும் வேலையாளும் மலிவு என்றால், சமைக்கிறவளுக்கும் துடைக்கிறவளுக்கும் அங்கே கூலி குறைவு என்றுதான் பொருள். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் நம் பள்ளத்தாக்கு ஸ்திரீகளைத் தினமும் பார்க்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"சரி, வெளிநாடு வேண்டாம். வண்டி?" என்றார் நண்பர்.

வண்டிக்கு இப்போது நல்ல காலம்தான். குமுளி மலை ஏறினால் அப்புறம் கேரள ராஜ்யம். அவர்கள் 2021-இல் 'கேரவன் கேரளா' என்று ஒரு கொள்கையே வகுத்து, வண்டி வீட்டுப் பிரயாணிகளுக்காக வாகமண்ணில் முதல் தங்குமிடத்தையும் திறந்திருக்கிறார்கள். குமுளியிலிருந்து வாகமண் போக அரை நாள் கூடப் பிடிக்காது. தண்ணீர், மின்சாரம், காவல் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் பழைய வேன் ஒன்றை வாங்கிப் பட்டறையில் கொடுத்து வீடாக்கிக்கொள்ளலாம் என்று நண்பர் நினைத்திருந்தார், அது ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைச் செய்தவன் விதித்த அமைப்புக்கு மாறாக மாற்றக்கூடாது என்கிறது. அயல் ராஜ்யத்தில் 12 மாதத்துக்குமேல் வண்டியை வைத்திருந்தால் 47-ஆம் பிரிவின்படி அங்கே புதிதாகப் பதிய வேண்டும். நாடோடிக்கும் தபால் விலாசம் இல்லாமல் முடியாது.

நம் முன்னோர் வானப்பிரஸ்தம் என்று வைத்திருந்தார்களே என்று நண்பர் வாதாடினார். வைத்திருந்தார்கள், ஆனால் வீட்டை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள், தரகரிடம் அல்ல.

பேசிக்கொண்டே கூடலூர்ச் சாலையில் வெகுதூரம் நடந்துவிட்டோம். அறுவடை முடிந்த வயல் ஒன்றில் மலைமாட்டுக் கிடை போட்டிருந்தது. இருநூறு உருப்படிக்குக் குறையாது. மேய்க்கிறவரை நமக்குத் தெரியும். அவர் மகள் நம் வகுப்பில் படிக்கிறாள். படிக்கிறாள் என்று வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு சொல்வது கஷ்டம். பாட்டி வீட்டில் இருக்கும் வரையில் வருவாள். பாட்டிக்கு உடம்புக்கு முடியாமற் போனால் கிடையோடு போய்விடுவாள்.

நண்பர் ஆவலோடு அவரிடம், "ஓரிடத்தில் இல்லாமல் திரிந்துகொண்டே இருக்கிறீர்களே, அந்தச் சுகம் எப்படி?" என்று கேட்டார்.

அவர் சிரிக்கவில்லை. "முன்னே சுகந்தான், ஐயா" என்றார். "எங்க அப்பா காலத்திலே பாரஸ்ட் ஆபீஸிலே மேய்ச்சல் சீட்டு வாங்கிக்கிட்டு மலைக்கு ஏறிடுவோம். மழைக்காலம் பூராவும் மேலேதான். அறுப்பு முடிஞ்சதும் கீழே இறங்கி வயல்லே கிடை. இப்போ மேலே போக முடியலே. கீழேயே எத்தனை நாள் சுத்துறது? வயலுக்கு எரு வேணும்னு கூப்பிடுறவங்க உண்டு; எரு வேணாத மாசத்திலே எங்களை யாருக்கு வேணும்?"

அவர் சொன்னதன் பின்னணி நேயர்களுக்கு நினைவிருக்கலாம். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைக் காடுகள் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. மறு வருஷம் மார்ச்சு மாதத்தில், தேனிக் காடுகளில் மாடு மேய்ப்பது பற்றி எழுந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்தது. பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குத் தடையைச் சுருக்கிற்று. புலிக்கும் காடு வேண்டும். வைகையாற்றுக்கும் காடு வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனாலும் அதே மலைத்தொடரில் சக்கரத்தின்மேல் குளிர்சாதன அறையோடு வருகிற நாடோடிக்குக் குழாயும் விளக்கும் போட்டுக் காத்திருக்கிறார்கள். காலால் நடந்து வருகிற நாடோடிக்கு அடிவாரத்திலேயே வழி அடைபட்டுவிட்டது. இருவரில் எவர் அந்த மலையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர் என்று கேட்கத் தோன்றுகிறது.

நண்பர் அதற்குமேல் திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. புறப்படும்போது நாம்தான் வாய் தவறி, "ஐயா தம் வீட்டை விற்றுவிட்டு உங்களைப் போல் சுற்றப் போகிறார்" என்று சொல்லிவிட்டோம்.

மேய்க்கிறவர் நண்பரை ஏற இறங்கப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவிலே முற்றம் வச்ச வீடுங்களா?" என்றார். ஆம் என்றதும், தயங்கித் தயங்கி, "விக்கிற வரைக்கும் பின்கட்டிலே ஒரு அறையை வாடகைக்குக் கொடுப்பீங்களா ஐயா? எங்க ஆத்தாளும் பிள்ளையும் இருந்துக்கிருவாங்க. பத்தாவது முடிக்கிற மட்டும் போதும்" என்று கேட்டார்.

நண்பர் பதில் சொல்லவில்லை. வழியெல்லாம் மௌனமாகவே வந்தார். புதன்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் நம்மைக் கண்டு, பின்கட்டு ஓட்டை மாற்ற நல்ல கொத்தனார் யாராவது தெரியுமா, மழைக்கு முன் வேலையை முடித்துக் கொடுப்பானா என்று விசாரித்தார்.