அட்டைப்பெட்டியில் ஒரு வரி சேருங்கள்

மாண்புமிகு ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



காருக்குள் செருகி வைக்கும் சாமான்களைப் பற்றியது இந்த மடல். லைட்டர் சாக்கெட்டில் குத்தும் மொபைல் சார்ஜர், முன்கண்ணாடியில் ஒட்டும் டேஷ்கேம், ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் கோளாறு பார்க்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி என்று எத்தனையோ வந்துவிட்டன. வண்டி ஓடும்போது இவற்றால் தொல்லை இல்லை, ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும். பூட்டிவிட்டுப் போன பிறகுதான் வம்பு. அப்போதும் சில சாமான்கள் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. எவ்வளவு உறிஞ்சும் என்பதை வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. அதைப் பெட்டியின் மேலேயே அச்சடிக்க வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. பெருக்கினால் 420 வாட்-அவர். மின்வாரியக் கணக்கில் சொன்னால் அரை யூனிட்டுக்கும் குறைவு. அதிலும் பாதி போய்விட்டாலே செல்ஃப் மோட்டார் திணற ஆரம்பித்துவிடும்.

பூட்டிய காருக்கே கொஞ்சம் மின்சாரம் வேண்டும். ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், திருட்டு அலாரம், கடிகாரம், கணினிகளின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொது அளவு. நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-அவர். இந்த வேகத்தில் நல்ல பேட்டரி பாதியாக இரண்டு வாரம் ஆகும். வண்டி நிற்கும்போதும் படம்பிடிக்கும் டேஷ்கேம் ஒன்று 250 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு இன்னும் 6 ஆம்பியர்-அவர் கூடிவிடும். இரண்டு வாரம் என்பது இரண்டரை நாளுக்குள் சுருங்கிவிடும். வெள்ளி இரவு ரயிலேறிப் போனவர் திங்கள் காலை திரும்பி வரும்போது வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறும்.

அந்த 250 மில்லி ஆம்பியர் வெறும் 3 வாட்தான். வீட்டுச் சுவரில் மாதம் முழுக்க ஓடினாலும் இரண்டு யூனிட்டைச் சற்றே தாண்டும். யாரும் கவனிக்கக்கூட மாட்டோம். இத்தனைக்கும் வீட்டுக்கு வாங்கும் ஃபிரிட்ஜின் கதவில், ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று நட்சத்திர லேபிள் ஒட்டித்தான் விற்கிறார்கள். தொடர்ந்து மின்சாரம் வரும் சுவரில் செருகுவதற்கு அவ்வளவு விவரம். அரை யூனிட்கூட இல்லாத பேட்டரியில் செருகுவதற்கு ஒன்றுமே இல்லை. கார் சார்ஜர் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை வோல்ட் உள்ளே, எத்தனை ஆம்பியர் வெளியே, அதிகபட்ச விலை, இறக்குமதி செய்தவர் முகவரி எல்லாம் இருக்கும். ஃபோனைக் கழற்றிய பிறகு அது சும்மா கிடக்கும்போது எவ்வளவு எடுக்கும் என்பது மட்டும் இருக்காது.

மதுரையில் ஒரு பேட்டரிக் கடை வாசலில் பார்த்ததைச் சொல்கிறேன். புது பேட்டரி போட்டும் வாரம் தவறாமல் இறங்கிவிடுகிறது என்று ஒருவர் காரைக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரை மாட்டினார். வண்டியைப் பூட்டச் சொன்னார். “இப்பப் பார்க்கக் கூடாது சார், வண்டி தூங்கட்டும்” என்று டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். காரின் கணினிகள் ஒவ்வொன்றாக அடங்கி முடிக்க நேரமாகும். அதற்கு முன் எடுக்கும் அளவு பொய். டீ குடித்து வெகுநேரம் கழித்தும் மீட்டர் 300 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். டேஷ்கேமுக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் சடாரென்று 30-க்கு வந்தது. கார்க்காரர் பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவதை அப்போதுதான் நிறுத்தினார்.

‘வண்டியை விட்டு இறங்கும்போது கழற்றி வைத்தால் போயிற்று’ என்று தங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். எதைக் கழற்றுவது? சில கார்களில் சாவியை எடுத்ததும் லைட்டர் சாக்கெட் செத்துவிடும். சிலவற்றில் இரவும் பகலும் உயிரோடு இருக்கும். ஒரே காரில் முன் சாக்கெட் ஒரு விதம், டிக்கியில் இருப்பது வேறு விதம் என்பதும் உண்டு. ஓபிடி சாக்கெட்டின் 16-வது பின்னிலோ எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். ஓபிடிக்கான தரமே அப்படி வகுக்கப்பட்டது. அதில் மாட்டிய கருவி தானும் எடுத்துக்கொண்டு, சில வேளை காரின் கணினிகளையும் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டிருக்கும். டேஷ்கேமைக் கழற்றிவிட்டால், நிறுத்திய இடத்தில் யாராவது இடித்துவிட்டுப் போனால் தெரியட்டும் என்று அதை வாங்கிய நோக்கமே போய்விடும். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்து வாங்கட்டும் என்கிறேன்.

இது ஒரு நாள் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதோடு முடிகிற தொல்லையும் அல்ல. ஆட்டோமேட்டிக் கார்களைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்ய முடியாது. மின்சாரக் கார்களிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது. கார் பேட்டரி ஒரு நொடி வேகமாகக் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. அடிவரை இறங்கி நாள்கணக்கில் அப்படியே கிடந்தால், தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டித்துவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. நம் ஊர் வெயில் ஏற்கெனவே பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. இதுவும் சேர்ந்தால் நாலு வருஷம் வர வேண்டியது இரண்டிலேயே எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. வாரண்டி கேட்டால் ‘டீப் டிஸ்சார்ஜ், தயாரிப்புக் குறை இல்லை’ என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். கடைசியில் செலவு வாங்கியவர் தலையில். ஈயக் கழிவு ஊரார் தலையில்.

தங்களிடம் நான் கேட்பவை மூன்று.

முதலாவது, 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளில் ஒரு வரி சேருங்கள். காரில் செருகும் எந்தக் கருவியானாலும், வண்டி நிற்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கும், 35 ஆம்பியர்-அவர் பேட்டரியைப் பாதியாக்க எத்தனை நாள் ஆகும் என்ற இரண்டு எண்களும் விலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, அதை அளக்கும் முறையைத் தங்கள் துறையின் கீழ் உள்ள இந்திய தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) வகுக்கட்டும். நிறுத்திய வண்டியில் வேலை செய்யும் கருவி, பேட்டரி எந்த வோல்ட்டுக்கு இறங்கியதும் தானாக நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. அதற்கும் கீழே இறங்கவிடும் கருவி அதைத் தெளிவாக ஒப்புக்கொள்ளட்டும்.

மூன்றாவது, சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் பேசி, சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு சாக்கெட்டின் மூடியிலும் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். வாடகை வண்டிகளுக்குத் தானே கட்டாயமாக்கிய ஜிபிஎஸ் கருவிக்கு ஏஐஎஸ்-140 என்று ஒரு தரம் வகுத்த அரசுக்கு இது பெரிய வேலை அல்ல.

புதிய சட்டமோ புதிய வாரியமோ தேவையில்லை, மானியமும் வேண்டாம். பெட்டியில் இடமில்லை என்று தயாரிப்பாளர்கள் வந்து நின்றால், ‘அதிவேக சார்ஜிங்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் இடத்தில் பாதியைக் கேட்டு வாங்குங்கள். தாராளமாகப் போதும்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு நுகர்வோர்