கிரனாடாவில் ஒரு வியாபாரி பார்க்க வேண்டியவை

ஸ்பெய்ன் போய் வருவது எம்மவர்கள் மத்தியில் மெல்ல மெல்ல வழக்கத்துக்கு வருகின்றது. உம்ராவுக்குப் போகும் வழியில் துருக்கியைப் பார்த்தவர்கள் இப்போது அன்தலூஸைப் பார்க்க ஆசைப்படுகின்றார்கள். நல்ல விடயம்தான். ஆனால் போய் வந்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கின்றார்கள். அல்ஹம்ராவைப் பார்த்தோம், கண் கலங்கினோம், படம் பிடித்தோம், வந்துவிட்டோம். கடையில் சாமானைப் புரட்டிப் பார்க்காமல் வாங்காத மனிதர்கள், ஒரு நகரத்தை மட்டும் புரட்டிப் பார்க்காமல் திரும்பி வருவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

நானும் அப்படித்தான் போனேன். பதினான்கு பேர், அதிகமானோர் வியாபாரிகள். எம்மை அழைத்துச் சென்றவர் கொழும்பில் வைத்துச் சொன்னார், "ஹாஜியார், டிக்கட்டெல்லாம் அங்க போய் எடுக்கலாம், ஒரு பிரச்சினையும் இல்ல" என்று. அங்கே போனால் அன்றைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. அல்ஹம்ராவைப் பார்க்க ஆண்டுக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வருகின்றார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்திருக்கின்றார்கள். டிக்கட் பெயருக்கும் பாஸ்போர்ட் இலக்கத்துக்கும்தான் தருவார்கள். உள்ளே இருக்கின்ற நஸ்ரி அரண்மனைகளுக்கு நேரம் குறித்திருப்பார்கள், அந்த நேரம் தவறினால் அவ்வளவுதான். கோபம் வந்தாலும் ஒரு வியாபாரியாக எனக்கு அது பிடித்திருந்தது. வருகின்றவர்கள் எல்லோரையும் உள்ளே விட்டால் இன்றைக்கு வருமானம் கூடும், ஐம்பது வருடத்தில் பொருளே தேய்ந்துவிடும். அளவாக விற்கத் தெரிந்தவன் கையில்தான் சரக்கு மிஞ்சும்.

கொழும்பிலிருந்த மகன் இரவு விழித்திருந்து இணையத்தில் தேடி மூன்றாம் நாளுக்கு ஒருவாறு டிக்கட் எடுத்தான். அந்த இரண்டு நாட்களும் வேறு வேலை இல்லாததால் கீழே பழைய நகரத்துக்குள் நடந்தேன். கிரனாடாவில் நான் கண்ட விசேஷமான இடம், ஒரு சதமும் செலவில்லாமல் அந்த நடையில்தான் கிடைத்தது.

கொர்ரால் தெல் கார்போன் என்று அதற்குப் பெயர். கரி முற்றம் என்று அர்த்தம். பிற்காலத்தில் கரி வியாபாரிகள் தங்கியதால் வந்த பெயர் அது. உண்மையில் அது பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஸ்லிம் ஆட்சியில் கட்டப்பட்ட ஃபுன்துக், அதாவது வெளியூர் வியாபாரிகளின் தங்குமடமும் சரக்கறையும் சேர்ந்த கட்டடம். ஸ்பெய்னிலும் போர்த்துக்கலிலும் முழுமையாக மிஞ்சியிருக்கின்ற ஃபுன்துக் இது ஒன்றுதான். குதிரை லாட வடிவில் பெரிய வாசல். உள்ளே சதுரமான முற்றம், நடுவில் தண்ணீர்த் தொட்டி, சுற்றிவர மூன்று மாடி. கீழே மிருகங்களும் சரக்கும், மேலே வியாபாரிகள். வாசலின் மேல் கூஃபி எழுத்தில் செதுக்கியிருப்பது சூரத்துல் இக்லாஸ். அரண்மனையில் அல்ல, பள்ளிவாசலில் அல்ல, வியாபாரி சரக்கை இறக்குகின்ற வாசலில்! எம்முடன் வந்த கண்டி புடவைக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நானா, இதுக்குக் கீழால நடந்து போய் ஆராவது அளவு குறைச்சி விக்கேலுமா?" என்று கேட்டார். விற்றிருப்பார்கள், மனிதர்கள்தானே. இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி.

பிற்காலத்தில் அது நாடகக் கொட்டகையாகவும் ஏழைகளின் குடியிருப்பாகவும் மாறி இடிந்து போகும் நிலைக்கு வந்தபோது, 1933இல் அரசாங்கம் வாங்கித் திருத்தியது. திருத்தியவர் லியோபோல்டோ டொரெஸ் பல்பாஸ் என்ற கட்டடக் கலைஞர். அல்ஹம்ரா இன்றைக்கு நிற்பதிலும் அவருக்குப் பெரிய பங்குண்டு.

அங்கிருந்து வீதியைக் கடந்தால் அல்காய்ஸேரியா. கைஸரிய்யா என்ற அரபுச் சொல்தான் இப்படித் திரிந்திருக்கின்றது. அது பட்டுச் சந்தை. இரவில் வாசல்களைப் பூட்டிக் காவல் போட்ட சந்தை. 1843இல் தீப்பிடித்து எரிந்தது. இப்போது நாம் காண்பது பழைய பாணியில் சிறிதாகத் திருப்பிக் கட்டியது. பட்டு இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கான பைகள், விளக்குகள், தட்டுகள். ஒரு பையைப் புரட்டி எங்கே செய்தது என்று பார்த்தேன். எமது கொழும்புச் சந்தைகளில் குவிந்து கிடக்கும் அதே சாமான். மரத்தில் சிப்பியும் எலும்பும் பதித்துச் செய்கின்ற பெட்டிகள் மட்டும் உள்ளூர்க் கைவேலை. விலை கூட, ஆனால் வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

பட்டு எங்கே போனது? இந்தக் கேள்வியோடு மூன்றாம் நாள் மேலே ஏறினால் அல்ஹம்ரா வேறு மாதிரித் தெரிகின்றது.

எண்ணூறு வருட ஆட்சி என்று நாம் சொல்வதில் கிரனாடாவின் நஸ்ரி அரசர்கள் ஆண்டது 1238 முதல் 1492 வரைதான். அதிலும் 1246இலேயே கஸ்டீல் அரசனுக்குக் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? பட்டு, உலர்ந்த பழம், சீனி. ஜெனோவா வியாபாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வாள் எடுத்தவர்களைப் பற்றித்தான் நாம் படித்திருக்கின்றோம். அந்த அரசை இவ்வளவு காலம் தாங்கியதில் வியாபாரிக்கும் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம்.

சிங்க முற்றத்தை எல்லோரும் புகழ்ந்தாகிவிட்டது. 2012இல் திருத்தித் திறந்த பிறகு தண்ணீரும் ஓடுகின்றது, பார்க்கலாம். அதைவிட அதிக நேரம் நான் நின்றது, அரண்மனைகளுக்குப் பக்கத்திலே பெரிய கல் பெட்டி மாதிரி இருக்கின்ற ஐந்தாம் சார்ள்ஸ் மன்னனின் மாளிகையில். எம்மவர்கள் அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றார்கள். கீழ்த் தளத்தில் அல்ஹம்ரா நூதனசாலை இருக்கின்றது. மான்கள் வரைந்த நஸ்ரி காலத்துப் பெரிய ஜாடியைப் பார்க்காமல் வரவேண்டாம். ஆனால் அந்தக் கட்டடத்துக்கே ஒரு கணக்கு உண்டு.

1491 நவம்பரில் நகரத்தைக் கையளிக்க எழுதிய ஒப்பந்தத்தில் மார்க்கம், பள்ளிவாசல், சொத்து எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது. எட்டு வருடம் தாங்கியது. 1499இல் சிஸ்னெரோஸ் பாதிரியார் வந்து பலவந்தமாக மதம் மாற்றத் தொடங்கினார். 1502இல், மாறு அல்லது வெளியேறு என்ற கட்டளை. மாறியவர்களுக்கு மொரிஸ்கோ என்று பெயர். 1526இல் அவர்களது உடைக்கும் மொழிக்கும் தடை வந்தபோது, அதைத் தள்ளிப்போட மன்னனுக்குப் பெருந்தொகை கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் அடுத்த வருடம் தொடங்கிய இந்த மாளிகைக்குப் போனது. நாற்பது வருடத்துக்குப் பின் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1568இல் மொரிஸ்கோக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பணம் நின்றது, கட்டட வேலையும் நின்றது. கிளர்ச்சியை அடக்கியதும் அவர்களைக் கிரனாடாவிலிருந்து வேறு மாகாணங்களுக்குக் கலைத்தார்கள். 1609க்கும் 1614க்கும் இடையில் நாட்டைவிட்டே அனுப்பினார்கள். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். பட்டுப்பூச்சி வளர்த்தவன், நூல் நூற்றவன், நெய்தவன் எல்லோரும் அதில் போய்விட்டான். மாளிகையின் கூரையை முழுதாக மூடி முடித்தது இருபதாம் நூற்றாண்டில்! நானூறு வருடம் வானம் பார்த்துக் கிடந்த கட்டடம் அது. வரி கட்டுகின்றவனைத் துரத்திய அரசாங்கத்தின் ஐந்தொகையைக் கல்லில் எழுதி வைத்தது போல எனக்குத் தெரிந்தது.

இன்றைக்கு அந்த நகரம் சாப்பிடுவது, துரத்தப்பட்டவர்கள் விட்டுச் சென்ற கட்டடங்களைக் காட்டித்தான். இதைச் சொல்லி நாம் சிரிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். கணக்கைப் படித்துவிட்டு வந்தால் போதும்.

எமக்கும் கிரனாடாவுக்கும் ஓர் உறவு இருக்கின்றது. 1344இல் புத்தளத்துக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, 1350 அளவில் கிரனாடாவுக்கும் போனார். சுல்தான் யூசுப் சுகவீனமாக இருந்ததால் காண முடியவில்லை. சுல்தானின் தாயார் பொற்காசுகள் அனுப்பி வைத்தார். அங்கே ஒரு தோட்டத்தில் அவர் பயணக் கதை சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இப்னு ஜுஸய் என்ற இளைஞரும் ஒருவர். சில வருடங்களுக்குப் பின் பாஸ் நகரத்தில் அந்தக் கதைகளை நூலாக எழுதியவர் அவர்தான். எமது தீவைப் பற்றி இப்னு பதூதா சொன்னது எமக்குக் கிடைத்திருப்பது ஒரு கிரனாடாக்காரர் எழுதி வைத்ததால்.

எழுதி வைத்தவை எல்லாம் தப்பவில்லை. அல்காய்ஸேரியாவுக்குப் பக்கத்தில் பிப் ரம்ப்லா சதுக்கம் இருக்கின்றது. இப்போது பூக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும். 1500ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சிஸ்னெரோஸ் அரபு நூல்களைக் குவித்து எரித்தது அங்கேதான். மருத்துவ நூல்களை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டாராம். எம்முடன் வந்தவர்கள் அங்கே நின்று அவரைத் திட்டினார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. என் மூத்தவாப்பா அரபுத் தமிழில் எழுதிய கடைக் கணக்குப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கப்பலில் என்ன சரக்கு, எல்லாம் அதில் இருந்தது. கடையைத் திருத்தியபோது அதைப் பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தது நான்தான். எங்கள் வீட்டுக்கு ஒரு சிஸ்னெரோஸ் தேவைப்படவில்லை.

கடைசி நாள் அல்பைசீன் மேட்டில், 2003இல் திறந்த புதிய பள்ளிவாசலில் அஸர் தொழுதோம். தோட்டத்திலிருந்து பார்த்தால் எதிரே அல்ஹம்ரா முழுதாகத் தெரிகின்றது. போகின்றவர்கள் அங்கே ஒரு மணித்தியாலமாவது உட்காருங்கள். டிக்கட்டை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள், கீழே நகரத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

ஊருக்கு வந்து அலுமாரிகளைக் கிளறியதில் மூத்தவாப்பாவின் புத்தகங்களில் மூன்று மிஞ்சியிருக்கக் கண்டேன். கரையான் கொஞ்சம் தின்றிருக்கின்றது. பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது, எனக்கும் பாதிதான் விளங்குகின்றது. அரபுத் தமிழ் நன்றாக வாசிக்கக்கூடிய பெரியவர்கள் யாராவது இருந்தால் பத்திரிகைக் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், புத்தகங்களை எடுத்துக்கொண்டு நானே வந்து காண்கின்றேன்.