வலி மாத்திரை போதை மாத்திரை ஆவது எப்படி? மூளைக்குள் டபென்டடால் செய்யும் வேலை

தமிழகத்தில் ‘போதை மாத்திரை பறிமுதல்’ என்று வரும் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டபென்டடால். இது கள்ளத்தனமாகக் காய்ச்சிய சரக்கு இல்லை. கடும் வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை. அதைத்தான் சில இளைஞர்கள் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். வலி மருந்தில் போதை எங்கிருந்து வருகிறது?

மூளையின் நரம்பு செல்களுக்கு இடையே பெரும்பாலும் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு செல் ரசாயனத்தை வெளியே விடும். அது அடுத்த செல்லின் மேலுள்ள ஏற்பியில் போய் ஒட்டும். செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இந்த ரசாயனங்கள்தான் நரம்புக்கடத்திகள். வலியை அடக்க உடம்பே எண்டார்ஃபின் என்ற சரக்கை வைத்திருக்கிறது. அது ஒட்டும் இடம் ஓபியாய்டு ஏற்பி. வேடிக்கை என்னவென்றால், விஞ்ஞானிகள் பூட்டைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள், 1973-ல். உடம்புக்குள்ளேயே தயாராகும் சாவி 1975-ல்தான் சிக்கியது.

டபென்டடால் அதே பூட்டில் நுழையும் கள்ளச்சாவி. கூடவே இன்னொரு வேலையும் செய்கிறது: நார்அட்ரினலின் என்ற கடத்தியைச் செல்கள் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்து வலியை அடக்குகின்றன.

சிக்கல் நடுமூளையில். அங்கே டோபமைன் செல்களை ‘காபா’ என்ற கடத்தி பிரேக் போட்டு வைத்திருக்கிறது. ஓபியாய்டு அந்த பிரேக்கைத் தளர்த்திவிடும், டோபமைன் பாய்கிறது. டோபமைனை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்பார்கள். அது பாதிதான் சரி. ‘இது முக்கியம், மறுபடி செய்’ என்று மூளைக்குப் பாடம் எடுப்பதுதான் அதன் பெரிய வேலை. மாத்திரையாக விழுங்கினால் மெதுவாக ஏறும் மருந்து, ஊசியில் நொடிகளில் ஏறுகிறது. பாடமும் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது. போதாததற்கு, மாத்திரையில் சேர்க்கும் மாவும் டால்க்கும் தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் போய் நுரையீரலின் சிறு குழாய்களை அடைக்கும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி வேறு.

தொடர்ந்து போட்டால் ஏற்பிகள் மந்தமாகிவிடும். பழைய அளவு பத்தாது. நிறுத்தினால், அதுவரை அடங்கிக் கிடந்த நார்அட்ரினலின் சீறி எழும்: வியர்வை, வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல், உடம்பு வலி, தூக்கமே வராது. இந்தக் கட்டத்தில் ஒருவர் ஊசியைத் தேடுவது ஜாலிக்காக அல்ல, அந்த வேதனையிலிருந்து தப்பிக்க. ‘கொழுப்பு’ என்று திட்டுவதால் இது மாறாது.

உயிரைப் பறிப்பது எது? மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டிலும் இதே ஏற்பிகள் இருக்கின்றன. அளவு மீறினால் மூச்சு குறைந்து நின்றுவிடும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். சில வாரம் நிறுத்திவிட்டு, சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ திரும்பியவர் பழைய அளவையே போடும் நாள்தான் மிக ஆபத்தானது. உடம்பு அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை அதற்குள் இழந்திருக்கும்.

சட்டம் என்ன செய்தது? டிராமடால் என்ற இதே வகை மருந்து 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது. டபென்டடால் அப்போது சேர்க்கப்படவில்லை. ஒரு கதவை மூடி அடுத்ததைத் திறந்து வைத்த கதைதான். 2025 பிப்ரவரியில், மும்பை நிறுவனம் ஒன்று டபென்டடாலையும் கேரிசோப்ரோடாலையும் கலந்த மாத்திரைகளை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதை பிபிசி அம்பலப்படுத்தியது. அதன் பிறகே இந்தக் கலவையைத் தயாரிக்கவும் ஏற்றுமதி செய்யவும் கொடுத்த அனுமதிகளை மத்திய அரசு திரும்பப் பெற்றது.

பறிமுதல் வேண்டியதுதான். ஆனால் மாத்திரை கிடைக்காத நாளில் அவஸ்தைப்படுபவருக்கு வழி சிகிச்சைதான். புப்ரினார்ஃபின் அதே ஏற்பியில் பாதி அளவுக்கு மட்டும் வேலை செய்து தவிப்பை அடக்கும். மருத்துவர் கண்காணிப்பில் மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். மூச்சு நிற்கும் நிலையில் நலாக்ஸோன் ஊசி போதைமருந்தை ஏற்பியிலிருந்து தள்ளிவிடும், ஆனால் அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும். எனவே ஒருவர் எழுப்பியும் எழாமல், உதடு நீலமாகி, குறட்டைபோல் மூச்சு இழுத்தால் தூங்கட்டும் என்று விடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். சிகிச்சை பற்றிக் கேட்க, போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446.