சுகர் எவ்வளவு என்று கேட்கிறார்கள், ஆல்புமின் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை!

கல்யாணப் பந்தியில் இரண்டு சர்க்கரை நோயாளிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் கேள்வி "உங்களுக்கு சுகர் எவ்வளவு?" என்பதுதான். சாப்பாட்டுக்கு முன், பின் என்று இரண்டு எண்களும் மனப்பாடம். "யூரின்ல ஆல்புமின் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். சிறுநீரகம் கெட ஆரம்பிப்பதை முதலில் சொல்வது அந்த எண்தான்.

சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானது. சர்க்கரை நோயாளிகளில் 26.9 சதவீதம் பேருக்கு சிறுநீரில் ஆல்புமின் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. முற்றிய பாதிப்பு 2.2 சதவீதம் பேருக்குத்தான். அதாவது கால்வாசிப் பேர் வாசற்படியில் நிற்கிறார்கள். வலி இல்லை, வீக்கம் இல்லை, அதனால் அவர்களுக்கே தெரியாது. கால் வீங்கிய பிறகு ஓடினால் பாதி வேலை முடிந்திருக்கும் (நோயின் வேலை!).

யாருக்குக் கசிவு அதிகம்? பல வருட சர்க்கரை, கட்டுப்படாத எச்பிஏ1சி, புகை, ரத்த அழுத்தம் என்றது அதே ஆய்வு. இதில் பலரும் அலட்சியப்படுத்துவது ரத்த அழுத்தத்தை. 1998-ல் வெளியான பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வில், அழுத்தத்தைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு சிறு ரத்தக்குழாய் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. இரு தரப்புக்கும் மேல் அழுத்தத்தில் இருந்த வித்தியாசம் சராசரியாக வெறும் 10 புள்ளி!

வேடிக்கை என்னவென்றால், "மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்களே, மூட்டுவலிக்கு மருந்துச்சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். சிறுநீரகத்துக்கு ஆகாதது இந்த இரண்டாவதுதான். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்டிருந்தால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும், அவ்வளவே. அந்த விதிதான் தலைகீழாகி வதந்தியாகிவிட்டது போலும்.

இரண்டாம் வகை சர்க்கரை எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் நோய் தெரிந்த உடனேயே சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும், பிறகு வருடம் ஒருமுறை. ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தொட்டால் மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல்கூட அதை ஏற்றிவிடும். கசிவு உறுதியானாலும் கதை முடியவில்லை. லோசார்டன் பலன் தரும் என்று 2001-லும், கானாக்ளிஃப்ளோசின் பலன் தரும் என்று 2019-லும் ஆய்வுகள் காட்டிவிட்டன.

ஆனால் இலவச சர்க்கரை முகாம்கள் பலவற்றில் விரலைக் குத்தி, எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கூடவே ஒரு சிறுநீர் டப்பாவையும் கையில் கொடுத்தால் என்ன?