பெஞ்சுக்குப் பெயர் வைத்த பாட்டிகள்

2006-இல் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் நெரிசலான ம்பாரே பகுதியில் மனநல சேவை தொடங்கப் போனார் மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா. முந்தைய ஆண்டுதான் அரசு நகரக் குடிசைகளை இடித்துத் தள்ளியிருந்தது; வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் நாடெங்கும் சுமார் 7 லட்சம் பேர் என்பது ஐ.நா.வின் கணக்கு. அவருக்கு ஒதுக்க சுகாதார நிலையத்தில் அறை இல்லை. செவிலியர்களுக்கோ தலைக்குமேல் வேலை. கடைசியில் கிடைத்தது அந்தப் பகுதியிலேயே வசித்த 14 பாட்டிகளும், உட்கார வெளியே கொஞ்சம் இடமும்.

மரப்பெஞ்சு ஒன்றைப் போட்டு 'மனநல பெஞ்சு' என்றார் சிபாண்டா. ஒருவரும் அண்டவில்லை. ஊர் பார்க்க அந்தப் பெயரின்மேல் போய் உட்கார யாருக்கு மனம் வரும்? 'நட்பு பெஞ்சு' என்று மாற்றச் சொன்னவர்கள் பாட்டிகள்தான். நோயின் பெயரும் அப்படியே. பாட்டிகள் 'டிப்ரெஷன்' என்று சொல்வதில்லை, 'குஃபுங்கிசிசா' என்பார்கள். ஷோனா மொழியில் அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். வெளிநோயாளர் பிரிவில் "ரொம்ப யோசனையா இருக்கும்மா, தூக்கமே இல்ல" என்பதைத் தினமும் கேட்கும் தமிழ்நாட்டு ஆலோசகருக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பெஞ்சில் நடப்பது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. ஷோனாவிலேயே உருவான 14 கேள்விகளைப் பாட்டி முதலில் கேட்கிறார்: தூக்கம், வயிற்றுவலி, அழுகை, தற்கொலை எண்ணம். பிறகு வந்தவர் தன் சிக்கல்களைக் கொட்ட, அவற்றில் ஒன்றை மட்டும் அவரே தேர்ந்தெடுக்கிறார். வாடகையா, கணவனா, மாத்திரையா? அந்த ஒன்றுக்கு அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை. செய்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு அமர்வுகள்.

2016-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான, இந்த பெஞ்சின் பலனைப் பார்த்த சோதனையில் 24 சுகாதார நிலையங்களைச் சேர்ந்த 573 பேர் பங்கேற்றனர். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் அமர்ந்தவர்களில் 14 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே இருந்தன. பங்கேற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள் என்பதையும், கண்காணித்தது ஆறு மாதம்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மலாவிக்கும் நியூயார்க்குக்கும் இந்த பெஞ்சு போய்விட்டது. தமிழகத்துக்கும் வரலாம், ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பளபளவென்று ஒன்றைப் போட்டு, ரிப்பன் வெட்டி, 'உளநல ஆலோசனை மையம்' என்று பலகையும் மாட்டிவிடலாம். அங்கேதான் பயம். ஹராரேயில் நோயாளிக்கு வாய்த்தது பலகையும் பெஞ்சும் அல்ல. அதே தெருவில் தண்ணீர் பிடிக்கும், அதே சாவு வீட்டுக்குப் போய்வரும் ஒரு மூத்த பெண். பிறருக்குப் பயன்பட்டதில் தங்களுக்கும் தெம்பு கிடைத்ததாக அந்தப் பாட்டிகள் சொல்கிறார்கள். பயிற்சிக் கையேடு எழுதுபவர்கள் பெரும்பாலும் இதை ஓரக் குறிப்பாகத் தள்ளிவிடுகிறார்கள்.

ஆறு அமர்வு முடிந்ததும் கோப்பை மூடுவதுதான் இத்துறையின் வழக்கம். ஹராரேயில் அதன்பின் பாட்டி, பெஞ்சுக்கு வந்தவரை ஒரு குழுவில் சேர்த்துவிடுகிறார். வட்டமாக உட்கார்ந்த பெண்கள் பழைய பிளாஸ்டிக்கைக் கீற்றாக வெட்டி, கொக்கி ஊசியால் பை பின்னுகிறார்கள். பை விற்ற காசு வீட்டுக்கு. கை பின்னிக்கொண்டிருக்க, பெஞ்சில் சொன்ன கதையை யாராவது ஒருத்தி மறுபடி ஆரம்பிக்கிறாள்.